இலக்கு யாருடையது?

பணியில் சேர்ந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆன ஆசிரியர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். தாம் கண்ட மாற்றங்களை வரிசையாகச் சொல்வார். 2007-08ஆம் கல்வியாண்டில் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. உயர் தொடக்க வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. 2010இல் சமச்சீர்க் கல்வி. 2012-13இல் முப்பருவ முறை, கூடவே தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. 2018இல் கியூஆர் கோடுடன் புதிய பாடநூல்கள். பெருந்தொற்றுக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சி, அடுத்து இல்லம் தேடிக் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும். இவற்றுக்கு நடுவே வருகைப் பதிவேடு மேசையிலிருந்து கைப்பேசிக்குள் போய்விட்டது.

ஒவ்வொரு முறையும் ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மறுபடியும் முதல்லயிருந்தா?" இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு முறையைக் கற்று, அதில் கை பழகி, பிள்ளைகளும் பழகி, இனி நன்றாக ஓடும் என்று நினைக்கும்போது வேறொன்று வந்து நின்றால், எந்தத் தொழிலில் இருப்பவரும் இதைத்தான் கேட்பார். ஆகவே இந்தக் கேள்வி எழாமல் தடுப்பது எப்படி என்று யோசிப்பதில் பயனில்லை. இந்தக் கேள்வியைத் தாண்டி ஒரு பள்ளி எப்படி அடுத்த அடி வைக்கிறது, சில பள்ளிகள் ஏன் அங்கேயே நின்றுவிடுகின்றன என்பதுதான் யோசிக்க வேண்டியது. நான் மதுரை காளவாசலை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். அங்கே பார்த்ததையும், அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய சில செய்திகளையும் இங்கே எழுதுகிறேன்.

பி.எட். உளவியல் தாளில் கர்ட் லெவின் பெயரை நாம் எல்லோரும் படித்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம். அவருடைய சிந்தனை வழியில் வந்த லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இடம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் இருந்த ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலை. பெரும்பாலும் பெண் தொழிலாளர்கள், துணுக்குக் கணக்கில் கூலி. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் அங்கே உற்பத்தி சரியும், முணுமுணுப்பு எழும், சிலர் வேலையை விட்டே போய்விடுவார்கள். ஆய்வாளர்கள் தொழிலாளர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நிர்வாகம் கூட்டம் போட்டு, ஏன் மாற்றம் தேவை, புதிய கூலிக் கணக்கு என்ன என்று விளக்கிச் சொன்னது. அவ்வளவுதான். வேறு குழுக்களிடம் பிரச்சினையையே முன்னால் வைத்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு ஆடைகளைக் காட்டி, இதில் எது பாதி விலைக்கு விற்றது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாராலும் முடியவில்லை. ஓராண்டு இடைவெளியில் சந்தை விலை அப்படிச் சரிந்திருந்தது. செலவைக் குறைக்காவிட்டால் எல்லோருக்கும் சிக்கல் என்பது கையில் பிடித்த துணியிலேயே புரிந்தது. பிறகு எதை நீக்கலாம், எப்படிச் செய்யலாம் என்று அவர்களே பேசினார்கள்.

விளக்கம் மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாட்களில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டுப் போனார்கள், உற்பத்தியும் தேறவில்லை. முழுமையாகப் பங்கேற்ற குழுக்களில் ஒருவர்கூடப் போகவில்லை. சில நாட்களில் பழைய அளவை எட்டி, பிறகு அதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதன் கடைசிப் பகுதி. முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களையே சில மாதங்கள் கழித்து, பங்கேற்கும் முறையில் இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். அவர்களும் விரைவாக முன்னேறினார்கள். ஆள் அதே ஆள்தான். "இவங்களைத் திருத்த முடியாது சார்" என்று நாம் சில சக ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கா வரை போகாமலே இதற்கு மதுரையில் ஒரு சான்று இருக்கிறது. எங்கள் பகுதியிலிருந்து வைகையைக் கடந்து அண்ணா நகர் போனால் அரவிந்த் கண் மருத்துவமனை. மதுரையில் கண் மருத்துவமனை என்றாலே நினைவுக்கு வரும் இடம். இதை 1976இல் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு மருத்துவப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பின் 11 படுக்கைகளோடு தொடங்கினார். இளமையில் தாக்கிய கடும் முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களோடுதான் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, பல்லாயிரம் அறுவைகள் செய்தார். இதெல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. ஆசிரியராக நான் கவனித்தது வேறொன்று. அந்த நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட இலக்கின் சொற்கள்: தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது.

இந்தச் சொற்றொடரில் அறுவை சிகிச்சை இல்லை. கண்புரை இல்லை. இன்ன முறை, இன்ன கருவி என்பதும் இல்லை. இது ஏன் முக்கியம் என்பதற்கு அந்த மருத்துவமனை கடந்துவந்த ஒரு பெரிய மாற்றத்தைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் கண்புரை அறுவை என்றால் கண்ணின் இயற்கை வில்லையை முழுதாக எடுத்துவிட்டு, தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். நம் தாத்தா பாட்டிகள் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கண்ணாடி வயலில் விழுந்து உடைந்தால், பேரன் ஒளித்துவைத்தால், அவர் மறுபடியும் பார்வையற்றவர்தான். பிறகு கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்தும் முறை பரவியது. அதற்கு அறுவை நுண்ணோக்கி வேண்டும், நுட்பமான தையல் வேண்டும், பழைய முறையில் தேர்ந்த கைகள் புதிதாகப் பழக வேண்டும். வெளிநாட்டு வில்லையின் விலையோ எட்டாத உயரத்தில். ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்று உலக அளவிலேயே பேசப்பட்டது.

பழைய முறையில் நன்றாகச் செய்துகொண்டிருந்தவர்கள் "மறுபடியும் முதல்லயிருந்தா?" என்று கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். அவர்களுடைய இலக்கு "அதிகமான கண்புரை அறுவைகள் செய்வது" என்று இருந்திருந்தால், புதிய முறை அந்த இலக்குக்கே இடைஞ்சல் போலத் தெரிந்திருக்கும். இலக்கு பார்வையிழப்பை ஒழிப்பது என்று இருந்ததால், கண்ணாடி உடைந்தால் மறையும் பார்வை முழுப் பார்வை அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி வில்லையை இங்கேயே செய்தார்கள். விலை இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு இறங்கியது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து போகிறது.

இன்னொன்றும் உண்டு. அங்கே வேலையின் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள், சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட இளம் பெண்கள். பார்வைச் சோதனை முதல் அறுவை அரங்கில் துணை நிற்பது வரை அவர்கள் கையில். கைபிடித்து உள்ளே கூட்டிவந்த பாட்டி தானாக நடந்து வெளியே போவதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். இலக்கு எட்டப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஆண்டறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது நம்மிடம் வருவோம். பள்ளியில் நாம் பெரும்பாலும் முறையையே இலக்காக ஆக்கிவிடுகிறோம். "செயல்வழிக் கற்றலைச் சிறப்பாக நடத்துவது", "எண்ணும் எழுத்தும் திட்டத்தை முழுமையாகச் செயல்படுத்துவது" என்று எழுதி வைக்கிறோம். முறை மாறினால் இலக்கே போய்விடுகிறது. ஐந்தாண்டு உழைத்தவருக்குத் தன் உழைப்பு குப்பைக்குப் போனது போலத் தோன்றுகிறது. திட்டத்தின் பெயரை நீக்கிவிட்டு நம் இலக்கை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பார்த்தால் போதும், நிலைமை தெரிந்துவிடும்.

செயல்வழிக் கற்றலின் வரலாற்றிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியபோது, அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். பார்த்துவந்த ஆசிரியர்களே தமிழுக்கு ஏற்ற அட்டைகளை உருவாக்கினார்கள். எந்த எழுத்தை முதலில் வைப்பது, எந்தப் படத்தைப் போடுவது என்று சண்டை போட்டுத் தீர்மானித்தவர்கள் அவர்கள். நான்கே ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அங்கே அட்டைகளை உருவாக்கினார்கள். இங்கே அட்டைகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. இவ்வளவு பெரிய மாநிலத்தில் எல்லா ஆசிரியரும் அட்டை தயாரித்துக்கொண்டிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த 13 பள்ளிகளின் ஆசிரியர்களுக்குக் கிடைத்த ஒன்று, கட்டு அட்டையோடு சேர்ந்து வரவில்லை. அதை ஒவ்வொரு பள்ளியும் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உண்டாக்கிக்கொண்ட வகுப்பறையில் அட்டைகளின் ஓரம் தேய்ந்தது. மற்ற வகுப்பறைகளில் அவை தட்டுகளில் புத்தம் புதிதாகவே இருந்தன.

எங்கள் பள்ளியில் அப்போது ஒரு மூத்த இடைநிலை ஆசிரியை இருந்தார். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்தன. கரும்பலகையைப் பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கி, கம்பிப் பந்தல் கட்டி, ஆசிரியரும் பாயில் உட்கார வேண்டும் என்றபோது அவர் சொன்னார்: "முப்பது வருஷம் நின்னுக்கிட்டே பாடம் நடத்தினேன். இப்பப் போய் தரையில உட்காருன்னா என்ன அர்த்தம்?" பயிற்சியில் கல்விக் கோட்பாட்டை எடுத்துச் சொன்னார்கள். அவர் அசையவில்லை. காரணம் பாதி மூட்டுவலி. அதை யாரும் கேட்கவும் இல்லை, அவர் வெட்கப்பட்டுச் சொல்லவும் இல்லை. சத்துணவு அம்மா ஒருவர்தான் கண்டுபிடித்து, தன் வீட்டிலிருந்து உயரமான மணை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். மாற்றத்துக்கான எதிர்ப்பு என்று நாம் பெரிய பெயர் வைப்பதில் இப்படிச் சின்னக் காரணங்களும் கலந்திருக்கும். முதலில் அவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும்.

மீதிப் பாதியை மாற்றியது சிவராத்திரி. எங்கள் பகுதியில் உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. மாசி மாதம் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போனால் நான்கைந்து நாள் கழித்துத்தான் பிள்ளைகள் வருவார்கள். அந்த நாட்களில் வகுப்பு முன்னே போய்விடும். வந்த பிள்ளை பின்வரிசையில் திருதிருவென்று விழிக்கும். முப்பது ஆண்டுகளாக அந்த ஆசிரியைக்கு இருந்த ஆற்றாமை அதுதான். அட்டை முறையில், ஊருக்குப் போய் வந்த பிள்ளை ஏணிப்படியில் தான் விட்ட மைல்கல்லைத் தேடி எடுத்து அங்கிருந்தே தொடர்ந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து, "இது ஒண்ணுக்காகவே இதை வச்சுக்கலாம்" என்றார். புதிய முறையின் பயனாக மற்றவர்கள் சொன்ன பத்துக் காரணங்களில் இது முதலிடத்தில் இருக்கவில்லை. அவருடைய சொந்த ஆற்றாமையோடு அது போய்ப் பொருந்தியது, அவ்வளவுதான். பொது இலக்கு என்பதை மேலிருந்து கொடுத்து எல்லோரையும் ஏற்கவைப்பதாக நாம் நினைக்கிறோம். எனக்கு என்னவோ, ஒவ்வொருவரும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் குறை ஒன்றைத் தேடி எடுப்பதே அதன் தொடக்கம் என்று தோன்றுகிறது.

2022ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஜூனில் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டியது 2020 ஜூனில். பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டன. 1 முதல் 8ஆம் வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் ஜனவரியில் மறுபடியும் மூடல். ஆக, முழுதாக ஓராண்டுகூட வகுப்பறையில் உட்காராத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு. எண்ணும் எழுத்தும் இயக்கம் வந்த சூழல் இது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும், 2025க்குள் அதை எட்ட வேண்டும் என்பது அப்போது மாநிலத்தின் இலக்காக இருந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்பட வேண்டும். மாநில இலக்கு சரியானது. ஆனால் மாநிலம் பெரியது. எங்கள் ஆசிரியர் அறைக்குள் வரும்போது அது சுற்றறிக்கையின் மொழியில்தான் இருந்தது.

அப்போதைய தலைமையாசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கையை முதலில் வாசிக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு அந்த ஆண்டுதான் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டிருந்தது. அதில் உறுப்பினரான தாய்மார் இருவரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தம் மனதை உறுத்தும் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொன்னார். பெயர் சொன்னபோது எல்லோருக்கும் குரல் மாறியது. பிறகு அந்தத் தாய்மாரிடம், "உங்க பிள்ளை என்ன வாசிச்சா நீங்க சந்தோஷப்படுவீங்க?" என்று கேட்டார். கட்டட வேலைக்குப் போகும் ஒரு தாய் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "காளவாசல் ஸ்டாப்புல நிக்கையில வர்ற பஸ்ஸு எங்க போகுதுன்னு எனக்குப் படிச்சுச் சொன்னாப் போதும் சார். இப்பவும் பக்கத்துல நிக்கிறவங்களத்தான் கேக்குறேன்."

ஊர் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காளவாசல் என்ற பெயருக்குச் செங்கல் சூளை என்று பொருள். இப்போது சூளை ஏதுமில்லை. மேம்பாலமும் அதன் கீழே நான்கு பக்கமும் முட்டும் வண்டிகளும்தான். பெரியார், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி, திருமங்கலம் என்று பேருந்துகள் வந்துகொண்டே இருக்கும். பலகையைப் பார்த்து முடிவெடுக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்த நொடிகளுக்குள் வாசிப்பதென்றால் எழுத்துக்கூட்டிப் படித்தால் போதாது. மொழியாசிரியர் ஒருவர் உடனே அதைச் சொன்னார்: 'ஆரப்பாளையம்' என்பதில் நெடில் இருக்கிறது, ஒற்று இருக்கிறது, இடையே ஐகாரம் இருக்கிறது, 'மாட்டுத்தாவணி'யில் உகரமும் றன்னகரமல்லாத ணகரமும் வருகின்றன. மலர் நிலையின் திறன்கள் ஏறக்குறைய எல்லாம் இந்த நான்கு பலகைகளுக்குள் அடங்குகின்றன என்றார். அந்த ஆண்டுக்கு எங்கள் இலக்கு அப்படி முடிவானது: மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் ஏப்ரலுக்குள் காளவாசல் நிறுத்தத்தில் நின்று வரும் பேருந்தின் பலகையை வாசிக்க வேண்டும்.

சுற்றறிக்கை அதன் பிறகுதான் வாசிக்கப்பட்டது. அப்போது அது வேறு மாதிரிக் கேட்டது. பயிற்சிநூல், ஆசிரியர் கையேடு, பாட்டு, துணைக்கருவி எல்லாம் அந்தப் பலகையை நோக்கிப் போகும் வழிகளாகத் தெரிந்தன. எதை அழுத்தி நடத்துவது, எதைக் கடந்து போவது என்று ஆசிரியைகளே பேசிக்கொண்டார்கள்.

நடுநிலைப் பள்ளிகளில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் உண்டு. இடைநிலை ஆசிரியர் ஒரு பக்கம், பட்டதாரி ஆசிரியர் ஒரு பக்கம். "வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு அனுப்பிட்டாங்க" என்று இந்தப் பக்கமும், "எங்க கஷ்டம் இவங்களுக்கு என்ன தெரியும்" என்று அந்தப் பக்கமும் பேசிக்கொள்வோம். 1954இல் முசாபர் ஷெரீப் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. போட்டிகளால் இரு குழுவும் பகையாயின. சேர்ந்து உண்ணவைத்தும் படம் காட்டியும் பயனில்லை; உணவையே எடுத்து எறிந்துகொண்டார்கள். முகாமின் தண்ணீர் வரத்து நின்று, இரு குழுவும் சேர்ந்து தேடினால்தான் சரிசெய்ய முடியும் என்ற நிலை வந்தபோது, நின்றுபோன வண்டியை எல்லோரும் சேர்ந்து கயிறுகட்டி இழுக்க வேண்டி வந்தபோது, பகை தளர்ந்தது. ஒரு குழுவால் தனியாக எட்ட முடியாததாக இலக்கு இருந்ததுதான் காரணம். சேர்ந்து தேநீர் குடிப்பதாலும், சுற்றுலா போவதாலும் மட்டும் ஆசிரியர் அறை ஒன்றாகிவிடாது என்பதற்கு இது போதும்.

எங்களுக்கும் தனியாக எட்ட முடியாத நிலை இருந்தது. மூன்று வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியை ஒருவரால், அரும்பு நிலையில் இருப்பவர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை. மதிய உணவுக்குப் பின் 20 நிமிடம் என்று பட்டதாரி ஆசிரியர்கள் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொண்டோம். சமூக அறிவியல் ஆசிரியர் கடைப் பலகைகளைப் படம் பிடித்து வந்து வாசிக்கவைத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் பேருந்து செய்து, பலகையை மாற்றி மாற்றிச் செருகி ஓட்டினார்கள். சின்னவர்கள் சரியாக வாசித்தால்தான் ஏறலாம்.

எல்லோரும் உடன்பட்டோம் என்று எழுதினால் பொய்யாகும். ஒரு கணித ஆசிரியர் கடைசி வரை உடன்படவில்லை. "ஏற்கெனவே மலர்ல இருக்கிற பிள்ளைங்க ஏழெட்டுப் பேரை இதுல என்ன செய்யப் போறீங்க? அவங்களும் நம்ம பிள்ளைங்கதான்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். எரிச்சலாக இருந்தாலும் கேள்வி சரியானது. அவர் கையிலேயே நூலகப் பெட்டியைக் கொடுத்துவிட்டோம். அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டு படித்த கதைப் புத்தகங்களுக்கு அவர்தான் பொறுப்பு. பொது இலக்கு என்றாலே ஒருமித்த குரல் வேண்டும் என்று நினைக்கும் தலைமை, இப்படிப்பட்ட ஆளை ஓரங்கட்டிவிடும். நட்டம் பள்ளிக்குத்தான்.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயலியில் மதிப்பீட்டைப் பதிவது நம் கடமை; பெரிய அமைப்புக்கு எண் இல்லாமல் எதுவும் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில் அலைவரிசை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் திரையின் முன் உட்கார்ந்திருக்கையில், "மொட்டுன்னே போட்டுருவோமே" என்று ஒரு குரல் யாருக்கும் உள்ளே எழும். எண் இலக்காக மாறும் இடம் அதுதான். அதற்கு நாங்கள் கண்ட தடுப்பு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கும், பிள்ளைகள் கண்ணில் படாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் ஒரு வரி எழுத வேண்டும்: 'ளகரம் வந்துவிட்டது', 'ஒற்றை விழுங்குகிறான்', 'இரண்டு நாளாக வரவில்லை, அம்மாவிடம் பேச வேண்டும்'. மேலே அனுப்பத் தேவையில்லாத ஏடு என்பதால் அதில் பொய் எழுத யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

அந்த நோட்டுதான் ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது. நான்கு வெவ்வேறு கையெழுத்தில், நான்கு வாரம், 'சொல்வதை மாற்றிச் சொல்கிறாள்' என்றே இருந்தது. ஒருவரே எழுதியிருந்தால் கவனமில்லாத பிள்ளை என்று போயிருக்கும். சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்த்தார். செவித்திறன் சோதனைக்கு அனுப்பினோம். ஒரு காது ஏறக்குறையக் கேட்கவில்லை. முன்வரிசையில், கேட்கும் காது ஆசிரியர் பக்கம் வரும்படி உட்காரவைத்த பிறகு அவள் வாசிக்கத் தொடங்கினாள்.

ஏப்ரலில் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பெற்றோரோடு நிறுத்தத்துக்கு அழைத்துப் போனோம். பெரும்பாலோர் வாசித்தார்கள். மூன்று பேரால் முடியவில்லை. அவர்கள் பக்கங்கள் நான்காம் வகுப்புக்குப் போயின. ஒரு குடும்பம் ஆண்டின் நடுவிலேயே வேலை தேடித் திருப்பூர் போய்விட்டது. அந்தப் பிள்ளை எந்த ஊர்ப் பலகையை வாசிக்கிறானோ தெரியாது. 2023-24இல் எண்ணும் எழுத்தும் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் பழைய கேள்வி எழாமல் இல்லை. ஆனால் அது முடிவதற்குள்ளேயே ஓர் ஆசிரியை நோட்டை எடுத்து, அந்த மூவரின் பக்கத்தைப் புரட்டினார்.

அதே காலத்தில் வந்த காலை உணவுத் திட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தது இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். முதற்கட்டம் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும். இன்னொரு வேலை தலையில் விழுகிறதே என்ற கவலை பல பள்ளிகளில் இருந்தது. அது நீங்க யாரும் ஊக்க உரை ஆற்ற வேண்டியிருக்கவில்லை. முதல் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளை நாம் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம். உணவு வந்தபின் தலைகள் நிமிர்ந்தன. பயன் கண்ணெதிரே உடனே தெரியும் மாற்றத்தை ஏற்பது எளிது. வாசிப்பு அப்படியல்ல, பயன் தெரிய மாதங்கள் ஆகும். அதனால்தான் அங்கே இடையில் பார்ப்பதற்குச் சின்னச் சின்ன அடையாளங்களை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டின் முதல் கூட்டத்தில் இலக்கை எழுதிக்கொண்டு வந்து வாசிக்காதீர்கள். எவ்வளவு நல்ல வாக்கியமாக இருந்தாலும் அது உங்களுடையதாகவே இருக்கும். முதல் அரைமணி நேரம் பிள்ளைகளின் பெயர்கள் பேசப்படட்டும். தூய்மைப் பணியாளரும் சத்துணவுப் பணியாளரும் அந்த அறையில் இருக்கட்டும். பிள்ளைகளைப் பற்றி நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். உறுதிமொழி, பரிசு, 'சிறந்த பிரிவு' கேடயம் போன்றவற்றைத் தள்ளிவையுங்கள். கேடயம் வந்த மறுநாள் 'அ' பிரிவும் 'ஆ' பிரிவும் துணைக்கருவிகளைப் பூட்டி வைக்கத் தொடங்கும், நான் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது: கலந்தாய்வு. இலக்கைச் சேர்ந்து வகுத்தவர்களில் பாதிப் பேர் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தலைமையாசிரியரும் ஓய்வுபெற்றுவிட்டார். புதிதாக வருபவருக்கு எங்கள் பேருந்துப் பலகை இன்னொரு சுற்றறிக்கைதான். ஹார்வுட் தொழிற்சாலையின் முதல் குழு மாதிரி, விளக்கம் மட்டும் கேட்டவர் அவர். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் இலக்கை மறுபடி பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறோம். நோட்டைப் புதியவர் கையில் கொடுத்து, ஒரு வாரம் வாசித்துவிட்டு வரச் சொல்கிறோம்.

அண்மையில் மாறுதலில் வந்த ஆசிரியை ஒருவர் அப்படி வாசித்துவிட்டு வந்து, பலகை இலக்கையே மாற்றலாம் என்றார். இப்போது தாய்மார் பலர் கட்டணமில்லாப் பேருந்தை நிறத்தை வைத்தே கண்டுகொள்கிறார்கள். வீட்டில் உண்மையான தேவை மாத்திரை அட்டையின் மேல் மருந்தாளுநர் எழுதும் 'காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்' என்பதை வாசிப்பதுதான் என்பது அவர் கருத்து. கணித ஆசிரியர் அதில் எண்களும் வருகின்றன என்று முதல்முறையாக உற்சாகமானார். மொழியாசிரியர் கையெழுத்தை வாசிப்பது அச்சை வாசிப்பதைவிடக் கடினம், மூன்றாம் வகுப்புக்கு அதிகம் என்கிறார். மேலாண்மைக் குழுத் தாய்மாரை அழைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் முடிவாகும்.